வாலை எண்ணிப் பாருங்கள்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைத் தலைவரவர்கள் அறிவித்தபோது பின்வரிசையில் சில தோழர்கள் சிரித்தது நம் காதிலும் விழுந்தது. சிரித்ததில் தப்பொன்றுமில்லை. நாட்டிலே பேசவேண்டிய காரியங்கள் எவ்வளவோ கிடக்க, இங்கிலாந்து தேசத்து ஆற்றங்கரையில் பறக்கிற பூச்சியை இன்ன பூச்சியென்று கண்டுகொள்வது எப்படி என்று பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று தோன்றுவது சகஜந்தான். ஆனால் கொஞ்ச நேரம் பொறுத்திருந்து கேட்டீர்களானால், இந்தப் பூச்சியைப்பற்றிப் பெரிய பெரிய மேதாவிகள் எப்படி ஏமாந்தார்கள் என்பதும், ஒரு சாமானிய மனிதன் தன் கண்ணை நம்பி உட்கார்ந்து பார்த்ததனால் என்ன நடந்தது என்பதும், இன்றைக்கு அந்தத் தேசத்து ஆறுகளைக் காப்பதற்கு இந்தப் பூச்சியின் அடையாளம் தெரிந்த சாதாரண ஜனங்கள் எப்படிக் காவல்காரர்களாக நிற்கிறார்கள் என்பதும் விளங்கும்.

டிரவுட் என்பது ஒரு மீன். குளிர்ந்து, தெளிந்து, ஓடிக்கொண்டேயிருக்கிற தண்ணீரில்தான் அது பிழைக்கும். நம் ஏரியிலும் குட்டையிலும் கெண்டை கெளுத்தி கிடப்பதுபோல் அது கிடக்காது. இங்கிலாந்தின் தெற்கே சீமைச் சுண்ணாம்புப் பாறை நிலத்திலிருந்து ஊற்றெடுத்து வரும் டெஸ்ட், இட்சன், கென்னட் முதலான ஆறுகள் இந்த மீனுக்குப் பேர்போனவை. அந்த ஆறுகளில் தூண்டில் போடுவது பெரும்பாலும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு. ஆற்றங்கரைக்கே குத்தகைப் பணம் கட்டித்தான் தூண்டிலோடு போய் நிற்க முடியும். அந்த ஆடம்பரத்தைப்பற்றி நமக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தூண்டில்காரர்கள் புழு மாட்டிப் போடுவதில்லை. முள்ளின்மேல் இறகும் பட்டு நூலும் சுற்றி, ஆற்றிலே பறக்கிற பூச்சியைப்போலவே ஒரு பொய்ப் பூச்சி செய்து தண்ணீரின்மேல் மிதக்க விடுவார்கள். டிரவுட் மீனோ லேசில் ஏமாறாது. ஆற்றின்மேல் ஒரு ஜாதிப் பூச்சி ஆயிரக்கணக்கில் எழும்பும் சமயத்தில் அது அந்தப் பூச்சியையே பொறுக்கித் தின்னும். வேறொன்றை மூக்குக்கு நேரே விட்டாலும் திரும்பிப் பாராது. ஆகவே, அன்றைக்கு ஆற்றில் எழும்பியிருக்கும் பூச்சி எது என்று தெரியாதவன் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். விளையாட்டுக்காகப் பார்க்கப் போனவர்கள் இப்படித்தான் பூச்சி ஆராய்ச்சியில் வந்து விழுந்தார்கள்.

அந்தப் பூச்சிகளில் முக்கியமானதற்கு இங்கிலீஷ்காரர் வைத்திருக்கும் பேர் மே ஈ. அது ஈயுமல்ல, மே மாதத்துக்கு மட்டும் உரியதுமல்ல. ஈக்கு இறக்கை இரண்டே. இதற்குப் பெரும்பாலும் நான்கு. மார்ச்சு மாதத்திலும் எழும்பும், அக்டோபரிலும் எழும்பும். அவர்களில் மிகப் பெரியதாகிய ஒரு ஜாதி மே மாதக் கடைசியில் கூட்டங்கூட்டமாய் வருவதைப் பார்த்து ஒருவன் வைத்த பேர் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. உலகத்தில் இந்த இனத்தில் 3,000-க்கு மேற்பட்ட ஜாதிகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் மாத்திரம் சுமார் 50.

இதைக் கேட்டவுடன் உங்களில் பலருக்கு ஈசல் ஞாபகம் வரும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றி வந்து விழுந்து, மறுநாள் காலையில் இறக்கைக் குப்பையாய்க் கிடப்பது ஈசல். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே கதைபோலத்தான் இருக்கும். ஆனால் ஈசல் புற்றிலிருந்து வருகிறது, கறையானின் குடும்பம். நான்கு இறக்கையும் ஒரே அளவு, உட்கார்ந்தால் முதுகின்மேல் தட்டையாகப் படிந்திருக்கும், அதுவே உதிர்த்துவிடும். மே ஈ தண்ணீரிலிருந்து வருகிறது. உட்கார்ந்தால் பாய்மரம் விரித்த ஓடம்போல் இறக்கையை முதுகுக்குமேல் செங்குத்தாய் நிறுத்திக்கொள்ளும். மடக்கிப் படியவைக்க அதற்கு முடியாது. பின்னால் நூல்போல் நீண்ட வால்கள், இரண்டோ மூன்றோ இருக்கும். நம்மிடம் இன்று இதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் போனாலும், நிமிர்ந்த இறக்கை, நீண்ட வால் என்ற இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், ஓடைக்கரையில் நீங்கள் ஏமாறமாட்டீர்கள்.

நிற்க. சுமார் 2,300 வருஷங்களுக்கு முன் கிரேக்க தேசத்தில் அரிஸ்டாட்டில் என்ற மகா அறிவாளி இருந்தார். ஜந்துக்களைப்பற்றி அவர் எழுதிய நூலில் இந்தப் பூச்சியும் வருகிறது. ஹைப்பானிஸ் என்ற ஆற்றில் கோடைக்காலத்தில் திராட்சைப் பழத்தைவிடச் சற்றுப் பெரிய பைகள் மிதந்து வருமென்றும், அவை வெடித்து இறக்கையுள்ள நாலுகால் பிராணி வெளியே வருமென்றும், அது சூரியன் அஸ்தமிக்கும்போது செத்துவிடுமென்றும் எழுதினார். ஒரே நாள் வாழ்வது என்ற அர்த்தத்தில் அதற்கிருந்த கிரேக்கப் பேரிலிருந்துதான் இன்றைய விஞ்ஞானப் பேரும் வந்தது. ஆனால் கவனியுங்கள்: நாலுகால் பிராணி! அந்தப் பூச்சிக்குக் கால் ஆறு. எல்லாப் பூச்சிக்கும் உள்ள ஆறுதான். அப்படியிருக்க அவ்வளவு பெரிய அறிவாளி ஏன் நான்கு என்று எழுதினார்? இதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. மே ஈ உட்காரும்போது முன்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றாமல் முன்னே நீட்டித் தூக்கிக்கொண்டிருக்கும். தூர நின்று பார்த்தவனுக்கு அவை கால்களாகத் தெரியாது, மீசைபோலத் தெரியும். ஊன்றி நிற்பவை நான்கே. கையில் பிடித்து எண்ணியிருந்தால் ஆறு என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோயிருக்கும். அவரை நாம் பரிகாசம் செய்யவில்லை. மற்ற எத்தனையோ ஜந்துக்களை அறுத்துப் பார்த்து எழுதிய மனிதர் அவர். பெரியவர் எழுதிவிட்டார் என்பதற்காகப் பூச்சி இரண்டு காலை விட்டுக்கொடுத்துவிடாது என்று மாத்திரம் சொல்லுகிறோம்.

கையில் பிடித்துப் பார்த்தவர் ஹாலந்து தேசத்து வைத்தியர் ஜான் ஸ்வாமர்டாம். 1675-ஆம் வருஷம் இந்தப் பூச்சியைப்பற்றி மாத்திரமே ஒரு புஸ்தகம் வெளியிட்டார். பூதக்கண்ணாடியும் சின்னக் கத்தியும் வைத்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் களிமண்ணில் வளை தோண்டி வாழும் புழுப்பருவத்தை அறுத்து, செவுள் எது, குடல் எது, முட்டைப்பை எது என்று படம் போட்டுக் காட்டினார். ஒரு நாள் வாழ்க்கை என்று கவிகள் பரிதாபப்பட்ட இந்தப் பிராணி, தண்ணீருக்குள் மூன்று வருஷம் வாழ்ந்துவிட்டுத்தான் மேலே வருகிறது என்று அவரே சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புஸ்தகத்தில் பூச்சியைப்பற்றியது ஒரு பங்கு, மனித வாழ்வின் நிலையாமையைப்பற்றிய பக்திப் புலம்பல் ஒரு பங்கு. அப்போது அவர் ஒரு சந்நியாசினி போன்ற அம்மாளின் உபதேசத்தில் மூழ்கியிருந்தார். 1681-இல் அதை இங்கிலீஷில் வெளியிட்டவர்கள் புலம்பலைப் பெரும்பாலும் கழித்துவிட்டுப் பூச்சியை வைத்துக்கொண்டார்கள். நாமும் அவ்விதமே செய்துகொள்வோம்.

இனி இதன் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்; அது தெரியாமல் அடையாளம் பேச முடியாது. முட்டை தண்ணீரில் விழுகிறது. அதிலிருந்து வரும் பருவத்துக்கு நிம்ஃப் என்று பேர். அது பலதரம் தோலுரித்து வளரும். வயிற்றின் இரு பக்கமும் இலைபோலவோ இறகுபோலவோ செவுள்கள் இருக்கும். அவற்றால் தண்ணீரிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். சில ஜாதிகள் சில மாதங்களிலேயே முற்றும். பெரிய மே ஈயாகிய எபிமெரா டானிக்கா வழக்கமாய் இரண்டு வருஷம் மணலிலும் வண்டலிலும் புதைந்து கிடக்கும். முற்றியதும் ஒருநாள் நீர்மட்டத்துக்கு வந்து, தோல் முதுகில் வெடித்து, இறக்கையுள்ள பூச்சி வெளியே வந்து, கரையிலுள்ள மரத்தில் போய் உட்காரும். இந்தப் பருவத்தின் இறக்கை பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கலாயிருப்பதால் அவர்கள் இதை டன் என்பார்கள். இத்துடன் முடிந்ததா? இல்லை. மற்றப் பூச்சிகளெல்லாம் பறக்கிற இறக்கை முளைத்தபின் தோலுரிப்பதில்லை. இந்த ஒரு இனம் மாத்திரம் பறக்க ஆரம்பித்தபின் மறுபடியும் ஒருதரம் தோலுரிக்கிறது, இறக்கையின் மேல்தோல் உட்பட! பாம்பு சட்டை கழற்றுவதை நாம் அதிசயமாய்ச் சொல்லுகிறோம். இது இறக்கைக்கே சட்டை கழற்றுகிறது. கழற்றியபின் இறக்கை கண்ணாடியாய்ப் பளபளக்கும், வால் இன்னும் நீளும், நிறமும் மாறிவிடும். இதற்கு ஸ்பின்னர் என்று பேர். இந்தப் பருவத்தில் இதற்கு வேலை செய்யக்கூடிய வாயும் இல்லை. குடலில் காற்றுத்தான் நிரம்பியிருக்கும். ஆண்கள் கூட்டமாய் எழும்பி எழும்பி இறங்கி ஆடும், பெண் அதற்குள் புகும், ஜோடி சேரும், முட்டை தண்ணீரில் விழும், பூச்சியும் விழும். மீனுக்கு விருந்து.

எல்லாவற்றுக்கும் ஒரு நாள் என்பதும் தப்பு. அமெரிக்காவில் டொலானியா என்ற ஒன்றில் பெண்ணின் வாழ்வு வெளியே வந்தபின் ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. குளங்களில் காணும் குளோயியான் டிப்டெரம் என்பதன் பெண்ணோ ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடிருந்து, முட்டை வயிற்றிலேயே பக்குவமானபின் கொண்டுபோய்த் தண்ணீரில் விடும்.

இப்போது பேர்க் குழப்பத்துக்கு வருவோம். டன் ஒரு நிறம். ஸ்பின்னர் வேறு நிறம். ஆண் ஒரு மாதிரி, பெண் ஒரு மாதிரி. இதை அறியாத தூண்டில்காரர்கள் என்ன செய்தார்கள்? எபிமெரா டானிக்காவின் டன்னுக்குப் பச்சை டிரேக் என்றும், அதே பூச்சியின் பெண் ஸ்பின்னருக்குச் சாம்பல் டிரேக் என்றும், ஆண் ஸ்பின்னருக்குக் கறுப்பு டிரேக் என்றும் பேர் வைத்தார்கள். ஒரே பூச்சி, மூன்று பேர். அதற்கு மாறாக, நீலச்சாம்பல் நிறத்தில் எது பறந்தாலும் நீல டன் என்று ஒரே பேர். அதற்குள் நாலைந்து ஜாதி அடங்கும். ஆற்றுக்கு ஆறு பேர் மாறும். இந்தப் பேர்கள் தகப்பன் சொல்லி மகன் கேட்டு வந்தவை. நிறத்தை வைத்து வந்த பேர்களாதலால், பார்த்தவன் கண்ணும், பார்த்த நேரத்து வெளிச்சமும், பூச்சியின் வயதும் மாறமாறப் பேரும் மாறிப்போகும். இதில் லாபம் அடைந்தவன் பொய்ப் பூச்சி விற்ற கடைக்காரன் ஒருவன்தான்!

ஆகவே, நிறத்தை நம்பாதே, உறுப்பை எண்ணு என்பது இதில் முதல் பாடம். எப்படி எண்ணுவது? சொல்லுகிறோம், மெள்ளக் கேளுங்கள்.

கையிலிருப்பது மே ஈதானா என்று முதலில் தெரிய வேண்டும். அதே ஆற்றங்கரையில் காடிஸ் என்று ஒன்று பறக்கும், அதன் இறக்கை மயிரடர்ந்து, உட்கார்ந்தால் கூரை வீட்டின் இரண்டு சாய்வுபோல் உடலை மூடியிருக்கும், மீசை நீளம், வால் கிடையாது. கல் ஈ என்று இன்னொன்று. அதன் இறக்கை முதுகில் தட்டையாகப் படிந்திருக்கும். வால் இருந்தாலும் இரண்டே. மே ஈயின் இறக்கை மாத்திரம் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்திருந்தால் அடுத்தபடி வாலை எண்ணுங்கள். இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். வால் மயிர்போன்றது, தொட்டால் ஒடியும். மூன்று வால் உள்ளதில் ஒன்று ஒடிந்துபோனால் இரண்டு என்று எண்ணி ஏமாந்துவிடலாம். ஆகையால் நுனியைப் பாராமல் அடியைப் பார்க்கவேண்டும். ஒடிந்ததின் கட்டை அங்கே நிற்கும்.

மூன்று வால் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமாய், இறக்கையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பெரிய மே ஈயின் குடும்பம். அதற்குள் டானிக்காவா, வல்காட்டாவா என்று தெரிய வயிற்றின் மேற்புறத்தைப் பார்க்கவேண்டும். டானிக்காவுக்கு வயிறு தந்த நிறமாய், கடைசிச் சில கணுக்களில் மாத்திரம் தெளிவான பழுப்புக் கோடுகள் இருக்கும்; வல்காட்டாவுக்கோ எல்லாக் கணுக்களிலும் முக்கோணம்போல் கறுத்த அடையாளம் இருக்கும். மூன்று வால் இருந்தும் பூச்சி கொசுவளவாய், பின்னிறக்கையே இல்லாமலிருந்தால் அது கேனிஸ். இதைத் தூண்டில்காரனின் சாபம் என்பார்கள். இது எழும்பும் நாளில் மீன் இதைத்தவிர வேறு தின்னாது, இதைப்போல் அவ்வளவு சின்னதாகப் பொய்ப் பூச்சி கட்டுவதும் கஷ்டம். மூன்று வால், நடுத்தர அளவு, இறக்கை நீலம் பாய்ந்த சாம்பல் நிறம், கோடையின் சாயங்காலத்தில் திரளாய் எழும்பும் என்றால் பெரும்பாலும் அது நீலஇறக்கை ஆலிவ். இதன் பெண் முட்டையிடப் போகும்போது வயிற்றின் கோடியில் பச்சை உருண்டையாய் முட்டைகளை வைத்துக்கொண்டு ஆற்றின்மேல் பறக்கும். அதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம். நிறத்தை நம்பாதே என்று சொல்லிவிட்டு நீலம், பச்சை என்கிறீர்களே என்று முன்வரிசைத் தோழர் சிரிக்கிறார். சரிதான். உறுப்பை எண்ணி முடித்தபின் நிறம் சாட்சிக்கு வரலாம். தீர்ப்புச் சொல்ல வரக்கூடாது என்பதே நம் கட்சி.

இரண்டு வால் என்றால் பின்னிறக்கையைப் பாருங்கள். பூதக்கண்ணாடி இங்கே அவசியம். பின்னிறக்கை நன்றாகப் பெரிதாய் இருந்தால், கல்லை ஒட்டி வாழும் தட்டை நிம்ஃபின் குடும்பம். அவர்கள் மார்ச்சுப் பழுப்பு என்று சொல்வது இதில் சேரும். பின்னிறக்கை நெல்லுமியைப்போல் சின்னதாய் ஒட்டிக்கொண்டிருந்தால் பீட்டிஸ் குடும்பம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதிகம் காணும் பெரிய கறுத்த ஆலிவ் இதில் ஒன்று. இதன் பெண் இறக்கையை மடித்துக்கொண்டு கல்லைப் பிடித்து நடந்து தண்ணீருக்குள்ளே இறங்கி, கல்லின் அடியில் முட்டைகளை வரிசையாய் ஒட்டிவைக்கும்! பின்னிறக்கையே இல்லாவிட்டால் குளோயியான் வகை. ஆண் பெண் தெரிய வேண்டுமானால் கண்ணைப் பாருங்கள். ஆணுக்குக் கண் பெரிது. பீட்டிஸ் ஆணுக்கோ கண்ணின்மேல் இன்னொரு கண் தலைப்பாகை கட்டியதுபோல் உட்கார்ந்திருக்கும், கூட்டத்தின் மேலே பறக்கும் பெண்ணைப் பார்ப்பதற்காக.

தண்ணீருக்குள் இருக்கும் நிம்ஃபை அறிவதும் இதே மாதிரிதான். ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டினால் கல் ஈயின் குஞ்சும் இருக்கும், மே ஈயின் குஞ்சும் இருக்கும். கல் ஈக்கு ஒவ்வொரு காலின் நுனியிலும் நகம் இரண்டு, மே ஈக்கு ஒன்றே. மே ஈக்குச் செவுள் வயிற்றோரத்தில் இருக்கும். பெரும்பாலும் மூன்று வால். அப்புறம் உருவத்தைப் பார்த்தாலே அது எந்த இடத்துக் குடி என்று சொல்லிவிடலாம். வேகமான தண்ணீரில் கல்லோடு கல்லாய் ஒட்டிக்கொள்வது கம்மாளன் தட்டிய தகடுபோல் தட்டையாயிருக்கும். நீந்துவது சின்ன மீன்குஞ்சுபோல் வழவழப்பாயிருக்கும். பாசிக்குள் ஊர்வது தடித்து மந்தமாயிருக்கும். வண்டலில் வளை தோண்டுவதற்கு முகத்தில் தந்தம்போல் இரண்டு கொம்பு இருக்கும்.

இவ்வளவையும் ஒழுங்குபடுத்தித் தூண்டில்காரர்களுக்கு முதன்முதல் கொடுத்தவர் ஆல்பிரட் ரொனால்ட்ஸ் என்ற இங்கிலீஷ்காரர். 1836-இல் அவர் புஸ்தகம் வெளிவந்தது. நிஜப் பூச்சியைப் பார்த்து அவரே படம் வரைந்து, வர்ணம் தீட்டி, அதன் கீழே அதன் பொய்ப் பூச்சியையும் போட்டு, விஞ்ஞானப் பேரையும் சேர்த்தார். ஆனால் நாம் அவரை மெச்சுவது படத்துக்காக அல்ல. ஸ்டாபர்ட்ஷயரில் பிளைத் என்ற ஆற்றின் ஓரத்தில் ஒரு குடிசை கட்டி, அதற்குள் மறைந்து உட்கார்ந்து, டிரவுட் மீன் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கரையில் பேசினால் மீன் ஓடிவிடும், ஆகவே மூச்சுக் காட்டாதே என்று அந்நாளில் உபதேசம் உண்டு. ரொனால்ட்ஸ் என்ன செய்தார்? ஒரு நண்பரைக் கூப்பிட்டுக் குடிசைக்குப் பின்னால், மீன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துப்பாக்கியால் சுடச் சொன்னார். மீன் அசையவில்லை! மீனுக்கு ருசி தெரியும், கண்டதைத் தின்னாது என்றார்கள். வீட்டு ஈக்களைப் பிடித்து, ஒன்றில் தேன் பூசி, ஒன்றில் மிளகாய்த்தூள் பூசி, ஒன்றில் கடுகு பூசிக் குழாய் வழியாய் ஊதித் தண்ணீரில் விழச்செய்தார். மீன் அத்தனையையும் விழுங்கிற்று. சர்வகலாசாலைப் பட்டம் இதற்கு வேண்டியதில்லை. ஒரு குடிசை, ஒரு குழாய், கொஞ்சம் கடுகு, அதைவிட முக்கியமாய்ப் பொறுமை.

அப்படியிருந்தும் தூண்டில்காரர்கள் சும்மா இருந்தார்களா? அவர்களுக்கும் ஒரு சாஸ்திரம் ஏற்பட்டுவிட்டது. ஹால்போர்டு என்பவர் 1886 முதல் எழுதிய புஸ்தகங்களில் மிதக்கும் பொய்ப் பூச்சியின் வித்தையை மிக நன்றாய் விளக்கினார். அவர் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் அவருக்குப் பின்வந்தவர்கள், சுண்ணாம்பாறுகளில் மிதக்கும் பூச்சி ஒன்றுதான் யோக்கியமானது, நீருக்குள் அமிழும் பூச்சி போடுகிறவன் கனவானல்ல என்று அதை விதியாக்கிவிட்டார்கள். ஸ்கியூஸ் என்ற ஒரு வக்கீல் இட்சன் ஆற்றில் மீன் பிடித்து, பிடித்த மீனின் வயிற்றில் மஜ்ஜை எடுக்கும் நீளக் கரண்டியை விட்டு, உள்ளே இருப்பதை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தார். நீர்மட்டத்தில் பூச்சி தின்னுகிறது என்று எல்லோரும் சத்தியம் செய்த மீனின் வயிற்றில் நிம்ஃப்களே மலிந்து கிடந்தன! 1910-இலிருந்து அவர் இதை எழுதிவந்தார். முடிவில் 1938-இல் லண்டனில் தூண்டில்காரர் சங்கத்தில் அவருக்கு விரோதமாய் ஒரு பெரிய விவாதமே நடத்தினார்கள். மீனின் வயிறு ஒரு கட்சி, பழைய புஸ்தகம் ஒரு கட்சி. மீன்கள் அந்தச் சங்கத்தில் அங்கத்தினராயில்லாததால் அவற்றின் ஓட்டு எண்ணப்படவில்லை.

இதெல்லாம் பணக்காரர் சண்டை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

நிம்ஃப் மாதக்கணக்காய், சில சமயம் வருஷக்கணக்காய் ஒரே தண்ணீருக்குள் இருக்கிறது என்று சொன்னோம். அது செவுளால் மூச்சுவிடுகிறது. சாக்கடை கலந்து பிராணவாயு குறைந்தால் முதலில் திணறுவது அதுதான். வயலிலிருந்து மண் கரைந்து வந்து படிந்தால் கல்லிடுக்கு அடைபட்டு அது சாகும். பூச்சிமருந்து கலந்தாலோ சொல்லவேண்டியதில்லை, அதைக் கொல்வதற்காகவே செய்த விஷம். தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்துப் பரீட்சை செய்தால் அந்த நிமிஷத்துத் தண்ணீரின் யோக்கியதைதான் தெரியும். நேற்று ராத்திரி விஷத்தைத் திறந்துவிட்டு இன்று காலையில் நல்ல தண்ணீர் ஓடினால் குப்பிக்குத் தெரியாது. கல்லின் அடியில் இருக்கவேண்டியது இல்லாமற்போனால் அதுவே சாட்சி. அமெரிக்காவிலுள்ள ஈரி என்ற பெரிய ஏரியில் 1953-இல் காற்றடிக்காமல் கிடந்த சில நாட்களில் அடித்தண்ணீரின் பிராணவாயு வற்றி, சேற்றிலிருந்த மே ஈக் குஞ்சுகள் கூண்டோடு மாண்டன. அவை மறுபடி திரளாய் வந்தது 1990-களில்தான். அழிவதற்குச் சில நாள், மீள்வதற்கு நாற்பது வருஷம்.

ஆகவே இங்கிலாந்தில் 2004-இல் ரிவர்ஃபிளை பார்ட்னர்ஷிப் என்று ஒரு கூட்டமைப்பு ஏற்பட்டு, ஆற்றோரத்து ஜனங்களுக்கே இந்த அடையாளங்களைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வலையைத் தண்ணீர் ஓடும் திசையில் பிடித்து, அதற்கு முன்னால் ஆற்றின் அடிக்கல்லை மூன்று நிமிஷம் காலால் கிளறவேண்டும். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டவேண்டும். எட்டு வகை ஜந்துக்களை மாத்திரம் பிரித்து எண்ணவேண்டும்: மே ஈயில் நான்கு குடும்பம், காடிஸில் இரண்டு வகை, கல் ஈ ஒன்று, நன்னீர் இறால் போன்ற ஒரு சின்னப் பிராணி ஒன்று. எண்ணிக்கைக்குத் தக்க மார்க்குப் போட்டுக் கூட்டினால், அந்த இடத்துக்கு ஏற்கெனவே குறித்துவைத்த அளவுக்குக் கீழே போகிறதா என்று தெரியும். போனால் சர்க்கார் இலாகாவுக்குத் தகவல் கொடுக்கவேண்டும். வாத்தியார், பென்ஷன்காரர், கடைக்காரர் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

2013-ஆம் வருஷம் ஜூலை மாத ஆரம்பத்தில் கென்னட் ஆற்றில் இப்படி வலை போட்ட தொண்டர்கள் தட்டைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள். இருக்கவேண்டியது ஒன்றுமில்லை, இருந்தவை செத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் எப்போதும்போல் தெளிவாகவே ஓடிற்று. மீனும் நீந்திற்று. கரையில் உலாவியவர்கள் அழகான ஆறு என்றே சொல்லிக்கொண்டு போயிருப்பார்கள். ஆராய்ந்து பார்த்ததில், மார்ல்பரோ ஊர்ச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாய்க் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து ஆற்றில் கலந்து, சுமார் 15 கிலோமீட்டர் தூரம் பூச்சிகளையும் சின்ன இறாலையும் அழித்துவிட்டது என்று தெரிந்தது. எவ்வளவு மருந்து தெரியுமா? இரண்டு தேக்கரண்டி அளவே போதுமாயிருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியில் கொட்டியிருக்கலாம்! அதே குளோர்பைரிபாஸ் நம் பக்கத்து நெல்வயலுக்கும் பருத்திக்காட்டுக்கும் எத்தனை டப்பா போயிருக்கிறது என்பதும், காலி டப்பாவை எந்த வாய்க்காலில் அலசினோம் என்பதும் உங்களுக்கே தெரியும்.

நம் பக்கம் என்றவுடன் ஒன்று சொல்லவேண்டும். டிரவுட் மீன் நம் நீலகிரியிலும் இருக்கிறது. அது தானாக வந்ததல்ல. குளிர்ந்த ஓடையைக் கண்ட வெள்ளைக்காரர் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். பல தடவை முயன்று, 1907-இல் எச். சி. வில்சன் என்பவரின் மேற்பார்வையில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் வைத்தபின்தான் அது நிலைத்தது. மீனைக் கொண்டுவந்தார்களே தவிர, பூச்சியைக் கொண்டுவரவில்லை. பூச்சி அந்த ஓடைகளில் அதற்கு முன்பே இருந்தது. இங்கிலீஷ் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய்ப் பச்சை டிரேக் எங்கே, மார்ச்சுப் பழுப்பு எங்கே என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஜாதிகள் வேறு. ஆனால் கல்லைப் புரட்டினால் தட்டையாய் ஒட்டிக்கொண்டிருப்பதும், மீன்குஞ்சுபோல் நீந்துவதும் அங்கேயும் உண்டு. குடும்பம் அதே குடும்பம். பேர் கடல் கடந்து வராது. வாலும் நகமும் செவுளும் எங்கேயும் எண்ணலாம்.

நம் சிநேகிதர் ஒருவர் சென்ற வாரம் மலைக்குப் போனவர், அப்படி ஒரு ஓடையில் கல்லைப் புரட்டி எடுத்த நான்கு நிம்ஃபும், பாலத்து விளக்கடியில் பொறுக்கிய இறக்கையுள்ள பூச்சி மூன்றும் இந்தக் குப்பியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். சாராயத்தில் கிடப்பதால் நிறம் வெளுத்துப்போயிற்று, அதனால் நஷ்டமில்லை. பூதக்கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். முன்வரிசையிலிருந்து அனுப்புகிறோம். தாய்மார்கள் பக்கத்துக்கும் போகட்டும். ஒவ்வொருவரும் வாலையும் காலையும் எண்ணிக்கொண்டு, எத்தனை என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லாமல் கொடுங்கள், அவரும் எண்ணட்டும். குப்பியிலுள்ள ஒன்றில் ஒரு வால் ஒடிந்திருக்கிறது. எதில் என்று நாம் சொல்லப்போவதில்லை.